வாத்துத் தோலின் ருசி

பெய்ஜிங்கில் ஓர் இரவு, முழு வாத்து ஒன்றுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கு அது அதிகம்தான். அவ்வளவு தூரம் போன இடத்தில் கணக்குப் பார்த்தால் எப்படி?

அந்த வாத்து தட்டுக்கு வருவதற்கு முன் பட்ட பாடு பெரிது. தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். கொதிநீர் ஊற்றி, மால்ட் சர்க்கரைப் பாகு பூசி, தொங்கவிட்டு நெடுநேரம் உலர்த்துவார்கள். பிறகு அடுப்பு. மூடிய அடுப்பின் சூட்டிலேயே வேகவிடுவது பழைய முறை. பழமர விறகு எரியும் திறந்த அடுப்பில் தொங்கவிட்டுச் சுடுவது அடுத்து வந்தது. 1864-இல் தொடங்கிய சுவான்ஜூதே உணவகம் பேர் வாங்கியது இந்த விறகடுப்பால்தான்.

சமையல்காரர் மேசையருகே வண்டியைத் தள்ளிவந்து சீவுகிறார். முதலில் நெஞ்சுத் தோல். சர்க்கரையில் தொட்டு வாயில் போட்டால் மெல்ல ஒன்றுமே இல்லை. நொறுங்கி, உருகி, நெய்யாக இறங்கிவிடுகிறது. (கொழுப்பைப் பற்றி டாக்டர் சொன்னது ஊர் திரும்பியபின் ஞாபகம் வந்தால் போதும்.) அப்புறம்தான் காகிதம் போன்ற கோதுமை ரொட்டி, கருநிற இனிப்பு சாஸ், வெங்காயத்தாள், வெள்ளரிக் குச்சி எல்லாம். சுருட்டும் வித்தை எனக்குக் கடைசிவரை கைகூடவில்லை. சாஸ் முழங்கை வரை வழிந்தது.

மிச்ச எலும்பு வெள்ளைச் சூப்பாகத் திரும்பி வந்தது. வயிற்றில் இடமில்லை. ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம்.