இரும்பு பிளாக் என்னும் நம்பிக்கை

மூங்கில்துறைப்பட்டில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் இரவு பகலாக ஊர்ந்துகொண்டிருக்கும். டிராக்டர் வாங்கப் போகிறவரிடம் இந்த ஊர்க்காரர் முதலில் கேட்பது, "லோடு ஏத்தினா சூடாகாம இழுக்குதா?" என்றுதான். குதிரைத்திறன் பேச்செல்லாம் அதற்குப் பிறகு. டர்போ கார் கட்டும் இளைஞர்களிடம் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. எத்தனை எச்.பி. என்பது முதல் கேள்வி, எந்த பிளாக் என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: "பழைய இரும்பு பிளாக்காப் பாத்து எடு, தாங்கும்." இந்தப் பதிலில் உண்மை நிறைய உண்டு. ஆனால் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும் வழக்கம் நல்ல எஞ்சின்களையும் நல்ல பணத்தையும் வீணாக்குகிறது என்பது என் கருத்து.

பிளாக் எதைத் தாங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 86 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரில் எரிபொருள் எரியும்போது அழுத்தம் 100 பார் வரை ஏறினால், பிஸ்டன் தலையில் விழும் விசை ஏறத்தாழ 6 டன். ஒரு டிரெய்லர் கரும்பைத் தூக்கி ஒரே பிஸ்டன் மேல் வைத்தது போன்ற பாரம் அது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை இது நடக்கிறது. பூஸ்டை ஏற்றிய டர்போ பெட்ரோல் எஞ்சின் 100 பாரை எளிதாகத் தாண்டிவிடும். அந்த விசை ஹெட்டை மேலே தள்ளுகிறது, கிராங்கைக் கீழே தள்ளுகிறது. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது பிளாக்கும் அதில் இறங்கிய போல்ட்டுகளும் கிராங்கைப் பிடிக்கும் மெயின் கேப்புகளும்தான். ஆகவே ஒரு பிளாக்கின் பலம் சிலிண்டர் சுவரில் மட்டும் இல்லை. மேல்தளம் எவ்வளவு மூடியிருக்கிறது, மெயின் கேப் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஹெட் போல்ட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையெல்லாம் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

இரும்புக்கு அதன் புகழ் சும்மா வந்துவிடவில்லை. வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட விறைப்பானது; சூட்டில் ஏறத்தாழ அதில் பாதி அளவுதான் விரிகிறது. டொயோட்டாவின் 3 லிட்டர் 2ஜேஇசட் மூடிய தளமும் ஏழு மெயின் பேரிங்குகளும் கொண்ட இரும்பு பிளாக். மிட்சுபிஷி எவோவின் 4ஜி63யும் இரும்புதான். இன்னும் பின்னே போனால் பிஎம்டபிள்யூ இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சாதாரணக் குடும்பக் காருக்கு வார்த்த எம்10 இரும்பு பிளாக்கை அடிப்படையாக வைத்துத்தான் அந்த நிறுவனம் 1.5 லிட்டர் ஃபார்முலா ஒன் டர்போ எஞ்சினைச் செய்தது. அந்த எஞ்சின் பொருத்திய பிராபம் காரில் நெல்சன் பிகே 1983இல் உலகப் பட்டம் வென்றார். டர்போ காருக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம் அது. வார்ப்பின்போது உள்ளே தங்கிய இறுக்கம் நெடுநாள் ஓட்டத்தில் தணிந்துவிடும் என்பதால், ஓடிப் பழகிய பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள் என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் "பழசுதான் பெஸ்ட்" என்ற பேச்சுக்கு இந்தக் கதை பெரிய பலம்.

பிஎம்டபிள்யூ பழைய பிளாக்கை எடுத்தது உண்மையானாலும், அதை அளக்காமல் எடுத்திருக்காது. நம்மிடம் விட்டுப்போவது இந்த அளக்கும் வேலைதான். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு பிளாக்கைப் பேரம் பேசி வாங்கி வருகிறவர் அதன் பெயரை வாங்கி வருகிறார். அதன் உடம்பைப் பார்ப்பதில்லை. திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் வந்த மிட்சுபிஷி லான்சரையும், பின்னால் வந்த 2 லிட்டர் செடியாவையும் எடுத்துக்கொள்வோம். செடியா இந்திய ராலிகளில் பேர் வாங்கிய கார். ஆனால் அதன் 4ஜி94 வேறு, எவோவின் 4ஜி63 வேறு. மிட்சுபிஷி, 2 லிட்டர், இரும்பு என்ற மூன்று சொற்கள் ஒத்துப்போவதால் தாங்கும் திறனும் ஒத்துப்போகும் என்று நினைப்பது வெறும் ஊகம்.

ஒரு பழைய பிளாக்கை மேசை மேல் ஏற்றிப் பார்த்தால் தெரியும். மேல் ரிங் நிற்கும் இடத்தில் விரல் நகம் தடுக்கும் ஒரு விளிம்பு இருக்கும். போர் கேஜை மேல், நடு, அடி என மூன்று இடங்களில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்தால் ஆறு அளவுகள் கிடைக்கும். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது அரிது. முன்பே 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போர் போட்டிருப்பார்கள். அடுத்தது 1.00 போடலாம் என்று பட்டறைக்காரர் சொல்வார். ஆனால் வார்க்கும்போது உள்மண் கொஞ்சம் நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். இது கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சுவரின் கனத்தைப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, கூலன்ட் இல்லாமல் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய வண்டி. அதன் வாட்டர் ஜாக்கெட்டில் படிந்த உப்புப் பாறை, சூட்டை வெளியே விடாமல் அடைத்து வைக்கும். அப்படிப்பட்ட பிளாக் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அலுமினிய பிளாக்கை "டப்பா" என்று ஒதுக்குவதும் சரியில்லை. அதன் குறை எது என்று தெரிந்து ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளலாம். ஹோண்டாவின் பல எஞ்சின்களில் தளம் திறந்திருக்கும். சிலிண்டர்கள் மேல்முனையில் பிடிமானம் இல்லாமல் நீருக்கு நடுவே நிற்கும். டர்போ இல்லாமல் ஓடும்வரை அதில் குற்றமில்லை. பூஸ்ட் ஏற ஏறச் சுவர்கள் அசையத் தொடங்கி, கேஸ்கட் போகும். இந்தப் பலவீனம் திறந்த அமைப்பிலிருந்து வருகிறது. அதே அலுமினியத்தில் தளத்தைப் பாதி மூடி மிட்சுபிஷி எவோ 10க்கு 4பி11 பிளாக்கைச் செய்தது. முன்பக்க எடையும் குறைந்தது. சூட்டைக் கடத்துவதிலும் அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு மேல்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச் சாலை, இரும்பா அலுமினியமா என்பதைச் சோதிக்க நல்ல இடம். எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஒரு இழுப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் உலோகம் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. வளைவுக்கு வளைவு பூஸ்டிலேயே ஏறும்போதுதான் ரேடியேட்டர், ஆயில் கூலர், பிளாக் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. அங்கே இரும்பின் நிலைத்த அளவும் அலுமினியத்தின் சூடு கடத்தும் குணமும் எதிரெதிர் வாதங்களாக நிற்கின்றன. குறுகிய ஓட்டத்துக்கு எடை குறைந்தது போதும். நெடுநேரப் பாரத்துக்கு, நல்ல ரேடியேட்டரோடு இரும்பு என்பதே என் தேர்வு.

ஸ்லீவ் அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிராக்டருக்கு லைனர் மாற்றுவது இங்கே அன்றாட வேலை, அதற்கென்று வடிவமைத்த எஞ்சின்கள் அவை. அதே கையோடு அலுமினிய கார் பிளாக்கைக் குடைந்து ஸ்லீவ் இறக்கும்போது, பிளாக்கின் சொந்தச் சதையை வெட்டி எடுக்கிறோம். இறுக்கம் சற்றுக் குறைந்தால் சூட்டில் அலுமினியம் விரிந்து ஸ்லீவ் இறங்கிவிடும். கூடினால் பிளாக் பிளக்கும். சரியாகச் செய்தால் மிகச் சிறந்த வழி இது. சரியாகச் செய்யும் இடங்கள் குறைவு.

இந்தியாவில் பிளாக்கைத் தேர்வது இயந்திரக் கேள்வியோடு முடிவதும் இல்லை. எஞ்சின் எண் பிளாக்கின் மேல்தான் அடிக்கப்பட்டிருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே எண். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. காப்பீட்டுக் கோரிக்கை வரும் நாளில் எண் பொருந்தாத பிளாக் பெரிய தொல்லை. சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதன் சொந்த பிளாக்கையே நலமாக வைத்துக்கொண்டு, அது தாங்கும் அளவுக்கு இலக்கைக் குறைப்பது நல்லது. பந்தயத் தளத்துக்கு மட்டும் என்றால் வேறு பேச்சு.

பிளாக்கின் பெயருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்குக்குச் செலவிடச் சொல்வேன். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் நுண்ணளவில் வடிவம் மாறுகிறது. ஹெட் இல்லாமல் வட்டமாக ஹோன் செய்தது, ஹெட் ஏறியதும் வட்டமாக இராது. இதற்குத்தான் டார்க் பிளேட். சிலிண்டர் துளைகளும் போல்ட் துளைகளும் கொண்ட கனமான ஒரு தகட்டை ஹெட்டுக்குப் பதிலாக அதே இறுக்கத்தில் பூட்டி, பிறகு ஹோன் செய்வார்கள். வார்ப்புக்கும் கடைசலுக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் இந்தத் தகட்டைச் செய்துகொள்வது பெரிய வேலை இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு நல்ல லேத் பட்டறைக்கும் அது எட்டாத வேலை இல்லை. வண்டியைக் கொடுக்கும்போதே அதைக் கேட்க வேண்டும்; கூடவே அந்த ஆறு அளவுகளையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.