தன்னொடுக்கமும் நித்திய பலனும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றி ஒரு மறுநோக்கு

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகத்தைத் தழுவி, ஐந்து பருவங்களாக அமைந்த பெருங்காப்பியம் இது. நம் இறையியல் மாணவர்கள் இதனை இலக்கிய வரலாற்றில் ஓர் அத்தியாயமாகக் கற்கின்றனர். ஆசிரியரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றனர். இந்நூலை இறையியல் நூலாக வாசிப்பவர் சிலரே. அவ்வாறு வாசித்தால், ஆண்டுதோறும் லெந்து நாட்களில் நம் பிரசங்க பீடங்களில் எழும் ஒரு வினாவுக்கு அதில் விடை உண்டு. கிறிஸ்தவன் தன்னை ஒடுக்கி நடப்பது நித்திய பலனைச் சம்பாதிப்பதற்காகவா?

1. கிரீடமும் கூலியும்

தன்னொடுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுப்பது 1 கொரிந்தியர் 9:24-27. கொரிந்து நகருக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடைபெற்றன. வென்றவன் பெற்றது இலைகளாற் பின்னிய முடி. அது சில நாட்களில் உலர்ந்துபோகும். அழியாத கிரீடத்தை நாடுவோர் இன்னும் எவ்வளவு ஒழுங்காக ஓட வேண்டும் என்பதே பவுலின் வாதம். அங்கே அவர் ஆளும் சொல், கலாத்தியர் 5:23-இல் ஆவியின் கனிகளுள் ஒன்றாக வரும் ‘என்கிராத்தேயா’ என்பதன் வினைவடிவமே. நம் வேதாகமமும் இரண்டிடங்களிலும் ‘இச்சையடக்கம்’ என்றே தருகிறது. ஓரிடத்தில் வீரனின் பயிற்சியாகத் தோன்றுவது மற்றோரிடத்தில் ஆவியானவரின் கனியாகிறது. முதலாவதை மட்டும் பிரசங்கித்து இரண்டாவதை மறப்பது பாதி உபதேசமே.

பலன் என்னும் சொல்லிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. ‘மிஸ்தோஸ்’ என்ற ஒரே கிரேக்கச் சொல் மத்தேயு 5:12-இல் ‘பலன்’ எனவும், மத்தேயு 20:8-இல் ‘கூலி’ எனவும் நம்மிடம் வந்துள்ளது. கூலி என்றவுடன் வேலையும் நேரமும் கணக்கும் நம் மனத்தில் எழுகின்றன. ஆனால் இயேசுவின் உவமையிலோ, கடைசி மணிநேரத்தில் வந்தவனும் ஒரு பணமே பெறுகிறான். கூலி என்ற சொல்லை வைத்துக்கொண்டே கூலிக் கணக்கை உடைக்கிறது அவ்வுவமை.

2. காப்பியத் தலைவன் யார்?

கிருஷ்ண பிள்ளை எதிர்கொண்ட இடர் இதனினும் பெரிது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு ஒப்புயர்வற்ற தலைவனையும், அறம் முதல் வீடு ஈறாகிய நாற்பொருளையும் விதிக்கிறது. இவ்விலக்கணத்தில் வைத்தால், யாத்திரிகன் தன் ஆற்றலால் மலையேறிப் பகைவென்று வீடு எய்தும் வீரனாகிவிடுவான். தவத்தால் பேறு எய்துதல் என்ற எண்ணத்தில் ஊறிய வாசகரும் அவ்வாறே கொள்வர்.

கவிஞர் இதனை எவ்வாறு கடந்தார் என்பதிலேதான் நூலின் பெருமை விளங்குகிறது. பனியன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்; அவருடைய வாசகருக்கு அவ்வரலாறு தெரியும். கிருஷ்ண பிள்ளையோ கிறிஸ்துவின் பாடுகளை விரித்து, காப்பியத்தின் முற்பகுதியிலேயே, குமார பருவத்தில், அமைக்கிறார். யாத்திரிகனின் பெரும் போராட்டங்கள் பல அதற்குப் பின்னரே வருகின்றன. ஒப்பற்ற தலைவன் சிலுவையிற் காணப்படுகிறான். யாத்திரிகன் அவன் பின் செல்லும் சுமைநீங்கிய மனிதன் மட்டுமே. சுமை மலையுச்சியில் இறங்கவில்லை. மலையடிவாரத்தை அடையுமுன்னே இறங்கிவிட்டது. ஆகவே ஏறுதல் விலையன்று. விடுதலை பெற்றவனின் நன்றி நடை.

3. அடக்கமுள்ளவன் தள்ளப்படுதல்

மூலக்கதையின் முடிவும் இதனை வலியுறுத்துகிறது. அறியாமை என்னும் பாத்திரம் உபவாசிக்கிறான், ஜெபிக்கிறான், தசமபாகம் செலுத்துகிறான், தருமம் செய்கிறான். நம் சபைகளில் அவனை முன்வரிசையில் அமர்த்துவோம். அவனும் நதியைக் கடந்து நகர வாசல்வரை வந்து சேருகிறான், வாசலில் தள்ளப்படுகிறான். குறை அவன் ஒழுங்கிலன்று. இடுக்கவாசல் வழியாய் வராமல் குறுக்கு வழியாய் வந்ததிலும், தன் ஒழுங்கையே சீட்டாக நம்பியதிலும் உள்ளது.

இதைக் கேட்டு, ஒழுங்கே வேண்டாம் என்பாரும் உளர். அவர்களுக்கும் கதையில் எச்சரிப்பு உண்டு. கடின மலையின் நடுவே களைத்தோர் இளைப்பாற மலையின் ஆண்டவர் அமைத்த பந்தல் ஒன்றுண்டு. யாத்திரிகன் அங்கே உறங்கிவிடுகிறான். சிலுவையடியில் பெற்ற சுருள் கையினின்று நழுவுகிறது. உச்சிவரை சென்றவன் திரும்பிவந்து தேட வேண்டியதாகிறது. பந்தலும் கிருபையே, சுருளும் கிருபையே. ஆயினும் கிருபையைத் தலையணையாக்கியவன் ஒரே வழியை மும்முறை நடந்தான்.

4. ஒரு குறை

இவ்வளவு சிறப்புடைய காப்பியத்தில் ஒரு குறையும் சுட்டத்தக்கது. அது முதற்பாகத்தை மட்டும் தழுவியதால், மனைவி மக்களை விட்டுப் புறப்பட்ட ஒருவனின் கதையாகவே அமைந்தது. வழியில் துணை கிடைப்பினும், ஒடுக்கம் தனிமனிதச் சாதனை என்றும், பலன் தனிமனித உடைமை என்றும் வாசகர் எண்ண இடமுண்டு. 1684-இல் பனியன் எழுதிய இரண்டாம் பாகம் இதனைச் சமன்செய்கிறது. அங்கே மனைவியும் பிள்ளைகளும் புறப்படுகின்றனர்; ஊன்றுகோலுடன் நொண்டி நடப்பவனும், உளத்தளர்ச்சி உள்ளவனும் உடன் சேருகின்றனர். வழிநடத்தும் வீரன் அவர்களுக்காகத் தன் நடையைத் தளர்த்துகிறான். வேகமாய் நடக்க வல்லவன் மெல்ல நடப்பதும் இச்சையடக்கமே. பவுல் கிரீடத்தைப் பற்றிப் பேசும் அதே அதிகாரத்தில், பலவீனருக்குத் தாம் பலவீனரைப்போலானதாகக் கூறுவதும் (9:22) இங்கு நோக்கத்தக்கது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்த நம் வேலப்பன்சாவடியின் பெயரிலேயே ஒரு சாவடி உள்ளது. சாவடி வழிப்போக்கர் பலர் கூடித் தங்கும் இடம். எவருக்கும் நிலையான வீடன்று. திருச்சபையும் அத்தகையதே. எனவே வரும் லெந்து நாட்களில் ஆயர்கள் இரண்டு காரியங்களைச் செய்வது நலம். உபவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்குமுன் சிலுவையைப் பிரசங்கிக்கட்டும். உபவாச அட்டவணையை வகுக்குமுன், சபையில் அதனைக் கடைப்பிடிக்க இயலாத நோயாளியையும், இரவு வேலை முடிந்து வரும் தொழிலாளியையும், பிள்ளைகளோடு தனித்து வாழும் தாயையும் சென்று கண்டு, அவர்கள் நடைக்கு ஏற்ப அதனை அமைக்கட்டும்.