மேகம் மறைத்த விண்மீன்: படத்தை மீட்ட முடிவு

ஒரு கதையின் குறைகளை அதன் முடிவு ஈடுசெய்ய வல்லதா? முடியாது என்பர் திறனாய்வாளர் பலர். சுவர் சாய்ந்திருக்கக் கலசத்தை மட்டும் பொன்னால் வேய்ந்து பயன் என்ன என்பது அவர்தம் கேள்வி. பொதுவாக இது சரியே. எனினும் இவ்விதிக்கு விலக்காய் நிற்கும் படைப்புகளும் உண்டு. ரித்விக் கட்டக் இயக்கி 1960இல் வெளிவந்த 'மேகே டாகா தாரா' என்னும் வங்காளத் திரைப்படம் அவற்றுள் ஒன்று. மேகம் மறைத்த விண்மீன் என்பது அப்பெயரின் பொருள்.

சக்திபத ராஜ்குருவின் நாவலைத் தழுவியது இப்படம். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்து, கல்கத்தாவின் புறத்தே அகதிகள் குடியிருப்பில் வாழும் ஓர் ஆசிரியர் குடும்பத்தின் கதை. மகள் நீதாவே அக்குடும்பத்தைத் தாங்கும் தூண். தமையன் சங்கர் பாட்டே கதியென்று கிடக்கிறான். தந்தை விபத்தில் அடிபடுகிறார். படிப்பை விட்டு வேலைக்குச் செல்கிறாள் நீதா. அவள் காதலித்த சனத், அவள் தங்கை கீதாவை மணக்கிறான். தம்பி தொழிற்சாலையில் அடிபடுகிறான். இறுதியில் நீதாவை எலும்புருக்கி நோய் பற்றுகிறது.

குறை இங்கேதான் தொடங்குகிறது. துன்பத்தின்மேல் துன்பம் ஒரே பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. கீதாவின் தன்னலம் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. நீதாவின் உள்ளம் நோகுமிடத்தில் சாட்டையடி ஓசை கேட்கிறது. சுப்ரியா சௌத்ரியின் முகமே சொல்லிவிட்டதை மீண்டும் உரக்கச் சொல்ல வேண்டுமா? எல்லாவற்றையும் பொறுக்கும் பெண் தெய்வமாகவே நீதா நெடுநேரம் நிற்கிறாள். தெய்வத்தை வணங்கலாம், அதனிடம் உறவு கொண்டாடுவது அரிது.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். இளிவு பிறரால் இகழப்படுதல். இழவு உற்றாரையும் இன்பத்தையும் இழத்தல். அசைவு முன்னைய நிலை கெட்டு வருந்துதல். இம்மூன்றும் இப்படத்தில் நிறையவே உண்டு. நான்காவதாகிய வறுமைக்கு, பொருளின்மை என்று பொருள் கொள்ளாமல், இன்பம் துய்க்கப் பெறாத பற்றுள்ளம் என்று பொருள் கண்டார் பேராசிரியர். அந்தப் பற்றுள்ளத்தைத்தான் இப்படம் கடைசிவரை மறைத்து வைக்கிறது.

ஷில்லாங் மலையில் ஒரு மருத்துவமனை. புகழ்பெற்ற பாடகனாகிவிட்ட சங்கர், தங்கையைக் காண வருகிறான். கீதாவின் குழந்தை செய்யும் குறும்புகளை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டே போகிறான். திடீரென்று நீதா கதறுகிறாள். தான் வாழ விரும்பியதை அண்ணனிடம் சொல்லி அலறுகிறாள். ஒளிப்படக் கருவி மலைகளைச் சுற்றி வருகிறது. குரல் எங்கும் எதிரொலிக்கிறது. ஆம், தெய்வம் அந்தக் கணத்தில் மனிதப் பெண்ணாகிவிட்டது! அவள் விரும்பிச் செய்த தியாகம் என்று காண்போர் போற்றியதெல்லாம் அவளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அப்போதுதான் விளங்குகிறது. இதுகாறும் அவள் பொறுமையைக் கண்டு நெகிழ்ந்த காண்போரும் அக்குடும்பத்தாரோடு குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடுகிறது.

படம் அங்கேயும் முடியவில்லை. சங்கர் குடியிருப்புக்குத் திரும்புகிறான். வேறொரு பெண் தெருவில் போகிறாள். அவள் செருப்பின் வார் அறுகிறது. படத்தின் தொடக்கத்தில் நீதாவின் செருப்பும் அவ்வாறே அறுந்தது. ஒருத்தியின் கதை அங்கே ஒரு குடியிருப்பின் கதையாகிவிடுகிறது. ஒரே பெண்மீது இத்தனை துன்பமா என்று கேட்டவர்க்கு, ஒருத்தி அல்லள், பலர் என்பது விடை. 1925இல் டாக்காவில் பிறந்து, பிரிவினையின் புண்ணை இறுதிவரை சுமந்த கட்டக் காட்டும் சமூகச் சித்திரம் அது.

இம்முடிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. அண்ணனும் தங்கையும் சிறுவயதில் மலையில் எடுத்துக்கொண்ட படம் முன்பே காட்டப்பட்டது. மீண்டும் மலைக்குப் போகும் ஏக்கமும் முன்பே சொல்லப்பட்டது. முன்னே விதைத்ததையே முடிவு அறுவடை செய்கிறது. விதையாத நிலத்தில் எவ்வளவு பெரிய அலறலும் வெறும் ஓசையாகவே ஒழியும்.

ஆகவே, குறைகளெல்லாம் மறைந்தன என்று கூறுவதற்கில்லை. சாட்டையொலி மிகைதான், கீதாவின் வார்ப்பு தட்டையானதுதான். ஆனால் பெருங்குறையாகிய நீதாவின் பொறுமை, முடிவின் ஒளியில் குறையாகவே இல்லை; அக்கதறலுக்கு அணைகட்டிய மௌனமாக மாறிவிடுகிறது. நல்ல முடிவு கதையை முடிப்பதோடு நில்லாது; அதனைத் தொடக்கத்திலிருந்து மறுமுறை காணச் செய்யும். அவ்வாறு காணும்போது வேறொரு படமாகத் தோன்றுவதே 'மேகே டாகா தாரா'வின் வெற்றி.