ஃப்ராங்க் ப்ராஃபிட்டும் மெட்டில்லாத பான்ஜோவும்

‘தானே கற்றுக்கொண்டவர்’ என்ற சொல்லை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சங்கீதக் கல்லூரிக்கோ தச்சுப் பள்ளிக்கோ போகாதவனைப் பற்றி எழுதும்போது அது சுலபமாக வந்து விழுகிறது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களிடம் பட்டமோ கட்டிடமோ இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா மலைகளில், ரீஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்து 1965-இல் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்த ஃப்ராங்க் ப்ராஃபிட்டையும் இந்தச் சொல்லில் அடைத்துவிடலாம். புகையிலை பயிரிட்டார், தச்சு வேலை செய்தார், பான்ஜோவும் டல்ஸிமரும் செய்தார், பாடினார். ஆனால் பான்ஜோ செய்யும் வித்தை அப்பா வைலியின் கைகளைப் பார்த்து வந்தது. பாட்டுக்களில் பல அத்தை நான்ஸி ப்ராத்தரிடமிருந்து வந்தவை. இந்தப் பெயர்களை ப்ராஃபிட் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நாம்தான் ‘நாட்டுப்புறம்’ என்ற ஒரே கோணிக்குள் எல்லோரையும் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

அவர் செய்த பான்ஜோவுக்கு மெட்டுக்கள் கிடையாது. வீணையில் மெழுகில் பதித்த மெட்டு ஸ்வரத்தின் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது; இங்கே தண்டி வழவழவென்று வெறுமையாக இருக்கிறது, விரல்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது அலங்காரமல்ல, வாத்தியத்தின் சுபாவம். உடல் முழுக்க மரம். நடுவில் மட்டும் சின்ன வட்டமாகத் தோல். ஐந்தாவது தந்தி குட்டையானது. அதன் பிரடை தண்டியின் பாதி வழியிலேயே நிற்கிறது. கட்டைவிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க, பக்கசாரணி மாதிரி ஒரே ஸ்வரம் பாட்டுக்கு அடியில் ஓடுகிறது. (பான்ஜோவின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சுரைக்குடுக்கை வாத்தியம். வெள்ளை மலைவாசிகளின் சொத்து என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.) கம்பெனி பான்ஜோவின் கணீர் இதில் இல்லை. பாடுகிற குரலுக்கு மேலே எழும்பாத, கொஞ்சம் மங்கலான நாதம். நாலு சுவருக்குள் கேட்கச் செய்தது என்பது காதில் பட்டவுடனே தெரிகிறது.

1938-இல் நியூயார்க்கிலிருந்து ஃப்ராங்க் வார்னரும் அவர் மனைவி ஆனும் ஒரு டல்ஸிமருக்காக நேதன் ஹிக்ஸ் என்பவரைத் தேடி மலையேறி வந்தார்கள். ஹிக்ஸின் மருமகன் ப்ராஃபிட். அவர்களுக்குப் பாடிக் காட்டியவற்றில் ஒன்று ‘டாம் டூலி’. லாரா ஃபாஸ்டர் என்ற பெண் 1866-இல் கொல்லப்பட்டாள். அந்தக் கொலைக்காக டாம் டூலா 1868-இல் தூக்கிலிடப்பட்டான். இருவரையும் நேரில் அறிந்தவள் ப்ராஃபிட்டின் பாட்டி. இந்தப் பாட்டு அவர் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தமல்ல—கிரேஸனும் விட்டரும் 1929-லேயே இசைத்தட்டில் பாடியிருக்கிறார்கள். ஆனால் வார்னர் கற்றுக்கொண்டு, ஆலன் லோமாக்ஸ் 1947-இல் புத்தகத்தில் போட்டு, 1958-இல் கிங்ஸ்டன் ட்ரையோ பாடி லட்சக்கணக்கில் விற்ற வடிவம் ப்ராஃபிட்டின் வாயிலிருந்து கிளம்பியது.

குழந்தைகளுக்காக வாங்கிய டெலிவிஷனில் ஒரு நாள் மூன்று பேர் வந்து, கோமாளித்தனம் பண்ணி இடுப்பை ஆட்டி இதைப் பாடியதைப் பார்த்தாராம். நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தது போல இருந்ததாகவும், வெளியே போய் டூலாவின் ஊர்ப் பக்கம் பார்த்து அழுததாகவும் பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சோகச் சித்திரம் எழுதுவது சுலபம். அதே கடிதத்தில், அதிர்ச்சி தீர்ந்து வேலைக்குத் திரும்பியதையும், உலகம் தன் மலைகளைவிடப் பெரியது என்று புரிந்ததையும், கிழவர்களோடு அடுப்பங்கரையில் தூங்கி வழியக் கொடுத்து வைக்காதவர்கள் மேல் பரிதாபப்பட்டதையும் சொல்கிறார். பரிதாபம் அவருடையது, நம்முடையதல்ல. அவரை ஏமாந்த ஏழையாக்கி உருகுகிற அபிமானிகளுக்கு இது புரியவேண்டும்.

பாங்கில் லெட்ஜரோடு பிழைப்பு நடத்துகிற எனக்குக் கணக்கும் முக்கியம்தான். உரிமைத் தகராறு பேசித் தீர்க்கப்பட்டு ராயல்டியில் அவருக்கும் ஒரு பங்கு வந்தது, பெரிய விற்பனை ஓய்ந்த பிறகு. வார்னர் கடைசிவரை சிநேகிதர். குற்றம் தனி மனிதரிடம் இல்லை. ‘மரபு’ என்று எழுதிவிட்டால் வரவு வைக்க ஒரு பெயர் வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டில் இருக்கிறது.

1961-இல் சிகாகோ பல்கலைக்கழகத்து விழாவில் அவர் பாடினார். 1962-இல் ஃபோக்-லெகஸி என்ற சிறு நிறுவனம் தன் முதல் இசைத்தட்டாக அவருடையதையே வெளியிட்டது. கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ட்ரையோ ‘முக்கோணக் காதல்’ என்று பேச்சில் முன்னுரை கொடுத்து, நிறுத்தி நிறுத்தி, துக்கத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறது. ப்ராஃபிட் எதையும் அழுத்துவதில்லை. பக்கத்து வீட்டில் நடந்ததை, தெரிந்தவர்களுக்கே மறுபடி சொல்கிற தொனி. சாவுக்கு அங்கே விளக்கம் தேவையில்லை. பான்ஜோ அவசரமும் நிதானமும் இல்லாமல் நடந்து போகிறது. கலைத்திறன் குறைவு என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. ஆனால் ‘அசல்’ என்பதற்காகவே புகழ்கிறவர்களும் இதைக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்ற தேர்வு இதில் இருக்கிறது. தேர்வு ஒரு மனிதன் செய்வது, மலை செய்வதல்ல.

அவர் மகன் ஃப்ராங்க் ப்ராஃபிட் ஜூனியரும் அப்பாவின் பாட்டுக்களைப் பாடினார். 2005-இல் அவரும் போய்விட்டார்.