எபிரேயத் திருப்பெயர்கள்: திறவுகோலா, சாட்சியா?

நம் திருச்சபைகளில் கடவுளை எபிரேயப் பெயர்களால் அழைத்து மன்றாடும் வழக்கம் பெருகியிருக்கிறது. யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவா ராப்பா, யேகோவா ஷாலோம், எல்ஷடாய் என்னும் பெயர்கள் அருளுரைகளிலும் பாடல்களிலும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளிலும் இடம்பெறுகின்றன. இவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நன்மையைக் குறித்துவைக்கும் கைப்பிரதிகளும் உண்டு. பொருள் வேண்டுவோர்க்கு ஒரு பெயர், வழக்கில் வெற்றி வேண்டுவோர்க்கு ஒரு பெயர், நோய் தீர வேண்டுவோர்க்கு ஒரு பெயர் என்று அவை வகுத்துத் தருகின்றன. இவ்வழக்கைத் திருமறையின் ஒளியில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பிடப் புகுமுன் இதன் நன்மையை ஒப்புக்கொள்வது நேர்மை. எல்லாம் அறிந்தவர், எங்கும் நிறைந்தவர் என்னும் பொதுச் சொற்களையே கேட்டுப் பழகிய எளிய விசுவாசிக்கு, ஒரு நீரூற்றின் அருகில் ஓர் அடிமைப் பெண்ணோடு பேசிய கடவுள் நெருக்கமானவராகிறார். இந்நெருக்கத்தை நம் மறைநூல் வகுப்புகள் பலவேளைகளில் மக்களுக்குக் கொடுக்கவில்லை. நாம் கொடுக்கத் தவறியதை அவர்கள் வேறிடத்தில் தேடிக்கொண்டனர் எனலாம்.

ஆயினும் ஆயர் பணியில் இருப்போர் அறிந்த மற்றொரு காட்சியும் உண்டு. நோயாளியின் படுக்கையருகே நோய் தீர்ப்பவர் என்னும் பெயர் மீண்டும் மீண்டும் உரக்கச் சொல்லப்படுகிறது. நோயாளி இறந்துவிடுகிறார். அடக்க ஆராதனை முடிந்து சில நாட்கள் சென்றபின் வீட்டார் ஆயரிடம் வந்து, "நாங்கள் பெயரைச் சரியாகச் சொல்லவில்லையா, ஐயா? எங்கள் விசுவாசம் போதவில்லையா?" என்று கேட்கின்றனர். துக்கத்தின்மேல் குற்ற உணர்வும் ஏறிவிடுகிறது. இக்கேள்விக்கு விடைகூறும் பொறுப்பு நம்முடையது. பட்டியலை அவர்கள் கையில் கொடுத்தோரும், கொடுக்கப்பட்டதைக் கண்டு வாளாவிருந்தோரும் நம்முள் இருக்கின்றனர் அன்றோ?

1. பெயர் இடப்பட்டது எதற்கு?

பட்டியலிலுள்ள பெயர்கள் வரும் பகுதிகளைப் படித்தால் முதலில் ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பல கடவுளின் பெயர்களே அல்ல. யேகோவாயீரே என்பது ஆபிரகாம் மோரியா நாட்டு மலையில் ஓர் இடத்துக்கு இட்ட பெயர் (ஆதி. 22:14). யேகோவாநிசி என்பது மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் (யாத். 17:15). யேகோவா ஷாலோம் என்பது கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர் (நியா. 6:24). எசேக்கியேல் நூலை முடித்துவைக்கும் யேகோவா ஷம்மா ஒரு நகரத்தின் பெயர் (எசே. 48:35). நோய் தீர்ப்பவர் என்பதோ இஸ்ரவேலரை நோக்கி, நானே உன் பரிகாரி என்று கடவுள் தம்மைக் குறித்துக் கூறிய சொல் (யாத். 15:26).

எபிரேய மொழியமைப்பில் இவை பெரும்பாலும் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியங்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஆண்டவர் என் கொடி, ஆண்டவர் சமாதானம், ஆண்டவர் அங்கிருக்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெரும்பாலான இடங்களில் கர்த்தர் என்று தமிழாக்கிய சொல்லை இத்தகைய சில இடங்களில் எபிரேய ஒலியாகவே விட்டுவைத்தது. அதனால் வாக்கியம் பெயராகத் தோன்றிற்று. பொருள் விளங்காத பெயர் எளிதில் மந்திரமாயிற்று.

வாக்கியத்துக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. வாக்கியம் என்பது ஒருவர் கூறும் சாட்சி; அதற்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆபிரகாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சாட்சி பகர்ந்தது செல்வம் பெற்ற நாளில் அன்று. தன் மகனையே ஒப்புக்கொடுக்க மலையேறிய நாளில். அமலேக்கியர் பின்தங்கி வந்த வலுவற்றோரையும் களைத்தோரையும் வெட்டினர் என்று உபாகமம் நினைவூட்டுகிறது (25:17, 18). ஆகவே மோசேயின் கொடி, களைத்துப்போன மக்களுக்காக உயர்த்தப்பட்ட கொடி. அண்டைவீட்டாரோடு நாம் நடத்தும் வழக்குக்கு அதை ஏந்திச் செல்வது பொருந்தாது. கிதியோன் சமாதானம் என்று பலிபீடத்துக்குப் பெயரிட்டபோது மீதியானியர் இன்னும் நாட்டைவிட்டுப் போகவில்லை. அவன் பெற்ற சமாதானம் போருக்கு முன்னரே, சாவோம் என்று அஞ்சிய ஒருவனுக்கு அருளப்பட்டது.

இவ்வரிசையில் மனிதர் ஒருவர் கடவுளுக்கே இட்ட பெயர் என்று சொல்லத்தக்கது, ஆகார் இட்ட ஏல்ரோயீ என்னும் பெயராகும் (ஆதி. 16:13). இட்டவள் எகிப்திய அடிமைப் பெண்; கர்ப்பவதியாய் வனாந்தரத்துக்கு ஓடியவள். தன்னைக் காண்கின்ற கடவுள் என்று அவள் அறிக்கையிட்டாள். ஆனால் அன்றே அவளுடைய அடிமைத்தனம் நீங்கிவிடவில்லை. தன் தலைவியிடமே திரும்பிச் செல்லும்படி அவளுக்குக் கூறப்பட்டது. காணப்பட்டோம் என்பதே அவள் பெற்ற பேறு.

2. துன்புற்றோர் வாயில் ஷடாய்

எல்ஷடாய் என்பது மெய்யாகவே கடவுளின் பெயர். முற்பிதாக்களின் வரலாற்றில் இதற்குச் சிறப்பிடம் உண்டு (ஆதி. 17:1, யாத். 6:3). இதன் வேர்ப்பொருளைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மலையைக் குறிக்கும் அக்காதியச் சொல்லோடு இணைப்பார் உளர். தாய்மார்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு இணைப்பார் உளர். அழித்தல் என்னும் வினையோடு இணைப்பாரும் உளர். சர்வவல்லவர் என்னும் நம் வழக்கு, யோபு நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் காணும் மரபைத் தழுவியது.

சொல்லின் பிறப்பைவிட அது வழங்கும் இடமே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. ஷடாய் என்னும் பெயர் பழைய ஏற்பாட்டில் 48 முறை வருகிறது. அவற்றுள் 31 யோபு நூலில் உள்ளன. அதாவது, பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்தவனும் அவனோடு வாதாடியவர்களுமே இப்பெயரை மிகுதியாகப் பயன்படுத்தினர். ரூத் நூலில் கணவனையும் இரு மைந்தரையும் மோவாபில் புதைத்துத் திரும்பிய நகோமி, தன்னை மாரா என்று அழைக்கும்படி கூறும்போது, தன் வாழ்வைக் கசப்பாக்கியவர் என்று குறிப்பிடுவது ஷடாயையே (1:20, 21). முறையீட்டிலும் இப்பெயரை உச்சரிக்கலாம் என்று திருமறை காட்டுகிறது. நிறைவையும் செழிப்பையும் மட்டுமே இப்பெயரில் காணும் போதனை, நகோமியை ஆலயத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. நம் சபைகளில் நகோமிகள் இல்லையா?

3. அருளப்பட்ட பெயர்

இப்பெயர்களுக்கெல்லாம் அடிப்படையாக நிற்பது நான்கு மெய்யெழுத்துக்களாலான திருப்பெயர். எபிரேயத் திருமறையில் 6,800 முறைக்கு மேல் இது வருகிறது. இதை ஒலிக்கத் தயங்கிய யூதர், அதற்கு ஈடாக, ஆண்டவர் எனப் பொருள்படும் அதோனாய் என்று படித்தனர். பிற்காலத்தில் மசோரெத்தியர் அந்நினைவூட்டலுக்காகவே அதோனாயின் உயிர்க்குறிகளை அம்மெய்யெழுத்துக்களோடு எழுதினர். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்ததன் விளைவே யேகோவா என்னும் வடிவம். பழைய உச்சரிப்பு யாவே என்பதாக இருந்திருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து. எனவே உச்சரிப்பிலேயே ஆற்றல் தங்கியுள்ளது என்போர் உறுதியற்ற அடித்தளத்தின்மேல் கட்டுகின்றனர். ஆயினும் யேகோவா என்று சொல்லி மன்றாடிய நம் முன்னோரின் மன்றாட்டைக் கடவுள் கேளாமல் போனார் என்று எவரும் கூறத் துணியார். அவர் கேட்பது எழுத்துக்களை அன்று, மக்களை.

தெய்வத்தின் பெயரை அறிந்தவன் அத்தெய்வத்தை வசப்படுத்தலாம் என்னும் எண்ணம் பண்டைய எகிப்திலும் அதைச் சூழ்ந்த நாடுகளிலும் இருந்தது. இப்பின்னணியில் திருமறையைப் படிக்கவேண்டும். யாக்கோபு பெயரைக் கேட்டான், பெயர் சொல்லப்படவில்லை, ஆசி மட்டும் அளிக்கப்பட்டது (ஆதி. 32:29). மனோவாவும் கேட்டான், அவனுக்கும் சொல்லப்படவில்லை (நியா. 13:18). மோசே கேட்டபோது கிடைத்த விடை, இருத்தல் என்னும் வினைச்சொல்லால் அமைந்தது (யாத். 3:14). அதே வினை இரண்டு வசனங்களுக்கு முன், நான் உன்னோடு இருப்பேன் என்னும் வாக்குறுதியில் வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதை, இருக்கின்றவர் என்று பெயர்த்தபின், மெய்யியலார் பலர் தன்னிலேயே நிலைபெற்ற உளதாம் தன்மையை இதில் கண்டனர். செங்கல் சூளையில் நின்ற அடிமைகளுக்கோ இது உடனிருப்பின் வாக்குறுதி. எப்படி இருப்பார், எப்போது செயலாற்றுவார் என்பதைக் கடவுள் தம் உரிமையிலேயே வைத்துக்கொண்டார். திருப்பெயரை வீணாக வழங்கலாகாது என்னும் கட்டளை அவ்வுரிமையைக் காக்கும் வேலியாகும்.

4. இயேசு என்னும் பெயர்

கிறிஸ்தவ விசுவாசத்தில் எபிரேயப் பெயர்களின் வரலாறு இயேசு என்னும் பெயரில் வந்து சேர்கிறது. யோசுவா என்பதன் பிற்கால வடிவமாகிய இதுவும் மீட்பை அறிவிக்கும் ஒரு சாட்சியே: ஆண்டவர் மீட்கிறார். எல்லாப் பெயருக்கும் மேலான பெயர் அவருக்கு அளிக்கப்பட்டதென்று பவுல் எழுதுகிறார், ஆனால் அவ்வுயர்வுக்கு முன்னே சிலுவைச் சாவுவரை தாழ்ந்த கீழ்ப்படிதலை வைக்கிறார் (பிலி. 2:8, 9).

அச்சிலுவையில் இயேசு கடவுளை அழைத்த சொல்லை மத்தேயு, ஏலீ என்று ஏல் என்னும் பழைய பெயராலேயே நமக்குத் தருகிறார் (27:46). என் கடவுளே என்னும் அவ்வழைப்பில் குறையில்லை. அழைத்தவரின் விசுவாசத்திலும் குறையில்லை. எனினும் அவர் சிலுவையினின்று இறக்கிவிடப்படவில்லை. விடை மூன்றாம் நாளில் வந்தது. பெயரைச் சரியாகச் சொல்லவில்லையா என்று கேட்ட வீட்டாருக்கு நாம் காட்டவேண்டிய இடம் இதுவே. விசுவாசக் குறைவே விடை கிடையாமைக்குக் காரணம் என்போர் கல்வாரியின் அடியில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

முடிவுரை

ஆகவே இப்பெயர்களைத் திருச்சபை கைவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவற்றுக்குரிய வரலாற்றோடு மீட்டெடுக்கவேண்டும் என்கிறோம். அருளுரையில் ஒரு பெயரை எடுத்தால் அது வரும் அதிகாரம் முழுவதையும் மக்களுக்குப் படித்துக் காட்டுவோம். எபிரேய ஒலியோடு நிறுத்தாமல் அதைத் தமிழ் வாக்கியமாக்கிச் சொல்லுவோம். நோயாளியின் அருகில் பரிகாரியாகிய ஆண்டவரைத் தயங்காமல் அழைப்போம். அழைப்பது மன்றாட்டாகவே இருக்கட்டும். நோய் நீங்கினால் நன்றி கூறுவோம். நீங்காவிடில், நான் உன்னோடு இருப்பேன் என்னும் வாக்குறுதியைப் பற்றிக்கொண்டு அவ்வீட்டாரோடு உட்கார்ந்திருப்போம். உடனிருப்பவர் என்று தம்மை அறிவித்த கடவுளின் ஊழியருக்கு அதுவே தகும்.