ட்ரைப் எடுத்த மதுரை

தையல் இயந்திரச் சத்தத்தோடும் பாத்திரக் கடைகளோடும் புதுமண்டபத்தைப் பார்த்துப் பழகிய மதுரைக்காரர்களுக்கு, 1858-இல் எடுத்த அதன் படம் சட்டென்று பிடிபடாது. தென்புறத் தாழ்வாரத்தின் கல்தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆளரவமே இல்லை. சிற்பியின் உளி எங்கே ஆழமாகப் போயிருக்கிறது என்று நின்று பார்க்க முடிகிறது.

எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னைப் படையில் கேப்டனாக இருந்தவரை 1856-இல் மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றிப் படமெடுத்தார். மதுரைப் படங்கள் 1858-இல் தொகுதிகளாகவே வெளிவந்தன. அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியை நிறுத்திவிட்டார்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகடிவ். ஏறத்தாழ 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் வெயில் நாட்டுப் பயணத்துக்குத் தோதானது. ஆனால், ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். நடமாடுபவர்கள் படத்தில் விழமாட்டார்கள், கல் விழும். நீலவானமோ வெறும் வெள்ளையாகத்தான் வரும். அதற்காக நெகடிவ் மேலேயே தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களைச் சேர்த்தார் ட்ரைப். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், வெயில் வரைந்தது எது, கை வரைந்தது எது என்று பிரித்துவிடலாம்.

திருமலை நாயக்கர் மகால் இவர் படங்களில் சிதைந்து கிடக்கிறது. ஆளுநர் நேப்பியர் காலத்துச் சீரமைப்பு நடப்பதற்கு முந்தைய நிலை அது. இன்று அங்கே பளிச்சென்று தெரியும் சுதைவேலையில் எவ்வளவு மீட்டெடுத்தது என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி.

எல்லாவற்றிலும் எளிய படம் ஒரு விளக்குக் கம்பத்துடையது. கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது. காவல் நிலையத்துக்கே பெயர் தந்த இன்றைய விளக்குத்தூண்தான் அது. கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரிவாக்கியவர் பிளாக்பர்ன். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கின்றன. கேமரா வந்து சேர்வதற்குள் கோட்டை போய்விட்டது. பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் மிஞ்சியிருக்கும் கொத்தளத்தையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், வெளி வீதிகள் நான்கும் ஏன் ஊரைச் சதுரமாகச் சுற்றி வருகின்றன என்பது விளங்கிவிடும்.