அச்சத்தைக் குலைத்த நகை

சுவைகள் பல ஒரு படைப்பிற் கலந்து வருதல் குற்றமன்று. ஒன்று மற்றொன்றுக்குத் துணையாய் நிற்கின்றதா, அன்றி அதனை அழிக்கின்றதா என்பதே ஆராயத்தக்கது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கினையும் கூறினார். நகைக்கு அவர் கூறியவற்றுள் முதலாவது எள்ளல். அச்சத்துக்குக் கூறியவற்றுள் முதலாவது அணங்கு. அணங்கையே எள்ளத் தொடங்கியவிடத்து அச்சம் நிலைபெறாது. இதற்கு 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டொக்டர் எக்ஸ்’ என்னும் திரைப்படம் தக்க சான்றாகும்.

மைக்கேல் கேர்ட்டிஸ் நெறிப்படுத்திய இப்படத்தின் கதை கொடியது. நியூயோர்க் நகரிலே முழுமதி இரவுகளிற் கொலைகள் நிகழ்கின்றன. கொல்லப்பட்டோரின் தசையும் உண்ணப்பட்டிருக்கின்றது. ஐயம் டொக்டர் சேவியரின் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்மேல் விழுகின்றது. பொலிசார் அளித்த 48 மணி நேரத்துள் உண்மையைக் கண்டறிய எண்ணிய சேவியர், அவ்வறிஞரைக் கடலோர மாளிகையொன்றுக்கு அழைத்துச் சென்று நாற்காலிகளிற் பிணிக்கின்றார். கொலைக்காட்சியை நடித்துக் காட்டி, அவர்தம் உள்ளக் கிளர்ச்சியைக் கருவியால் அளக்க முயல்கின்றார். ஒரு கை இழந்த டொக்டர் வெல்ஸ் மாத்திரம் சோதனையினின்று விலக்கப்படுகின்றார். கொலைக்கு இரு கைகள் வேண்டுமன்றோ? ஆனால், அவரே கொலையாளி.

அளவுகருவியை நம்பிய அறிவு, தான் அளவாது விட்ட ஒருவனிடத்திலேயே ஏமாறுகின்றது. இப்படத்தின் மெய்யான அச்சம் இதுவே. இவ்வெண்ணம் பார்ப்போர் உள்ளத்தில் வேரூன்றுதற்கு அமைதி வேண்டும். அவ்வமைதியைப் பத்திரிகை நிருபனாகிய லீ ரெய்லர் கெடுத்துவிடுகின்றான். கைகுலுக்குவோரைத் திடுக்கிடச் செய்யும் விளையாட்டுக் கருவியொன்றை உள்ளங்கையிலே மறைத்துத் திரிகின்றான். பிணவறையிலே போர்வையின்கீழ்ப் பிணம்போற் கிடந்து ஒட்டுக்கேட்கின்றான். மாளிகையிலே எலும்புக்கூடுகளோடு அடைபட்டு வெருளுகின்றான். பிணமும் எலும்புக்கூடும் அச்சத்துக்குரிய பொருள்கள். அவை முதலிற் கேலிக்குரியனவாக்கப்பட்டபின், அவற்றைக் கண்டு அஞ்சுமாறு படம் வேண்டினால், அஞ்சுவார் யார்?

இதற்கு நடிகரைக் குறைகூறல் பொருந்தாது. லீ திறேசி, 1928இல் ‘தி ஃபுறன்ற் பேஜ்’ என்னும் மேடை நாடகத்திற் பத்திரிகையாளனாக நடித்துப் புகழ்பெற்றவர். அவ்வகைப் பாத்திரத்தில் அவர் வல்லவர். ஓரிடத்திற் சிறந்ததை ஆராயாது வேறோரிடத்திற் பெயர்த்து நட்டமையே குற்றம்.

அச்சப் படத்தில் நகையே கூடாதென்பது இதன் கருத்தன்று. அதே 1932இல் ஜேம்ஸ் வேல் ஆக்கிய ‘தி ஓல்ட் டாக் ஹவுஸ்’ என்னும் படத்தில், மழையிரவில் ஒதுங்கிய வழிப்போக்கர்க்கு வீட்டார் உணவு படைக்கும் காட்சி நகை விளைப்பது. ஆனால் அந்நகை அவ்வீட்டாரின் கோணலான இயல்பிலிருந்தே பிறக்கின்றது. சிரித்து ஓயுமுன்னரே, இவர்கள் எத்தகையோர் என்னும் ஐயம் நெஞ்சிற் புகுந்துவிடுகின்றது. சேக்சுபியரின் ‘மக்பெத்’ நாடகத்திலும், அரசன் கொலையுண்டபின் வரும் வாயில்காவலன் தன்னை நரகவாயில் காப்போனாகப் பாவித்து நகை விளைக்கின்றான். அக்கோட்டை நரகமாகிவிட்டதை அவன் அறியான், அவையோர் அறிவர். இவ்விரண்டிலும் நகை அச்சத்தின் உள்ளிருந்து எழுகின்றது. ‘டொக்டர் எக்ஸ்’ படத்திலோ அது புறத்திருந்து வந்து அச்சத்தை எள்ளுகின்றது.

நகை தலைகாட்டாத காட்சிகளும் இப்படத்தில் உண்டு. வெல்ஸ் தாம் ஆக்கிய செயற்கைத் தசையாற் கையொன்றைப் பெற்று, முகமெங்கும் அதனைப் பூசி உருமாறும் காட்சி அவற்றுட் சிறந்தது. செம்மையும் பசுமையுமாகிய இருவண்ணமே கொண்ட அக்காலத்து ரெக்னிக்கலர் முறை, அத்தசைக்கு நோயுற்ற நிறமொன்றை அளிக்கின்றது. தம் மகள் கொலையாளியின் கையில் அகப்பட, பிணிப்புண்ட சேவியர் தாம் அமைத்த நாற்காலியிலேயே அசையமாட்டாது கிடக்கின்றார். அறிவின் செருக்குக்கு இதனினும் பொருத்தமான தண்டனை இல்லை.

ஆயினும் அத்தண்டனையின் பொருளை ஆராயப் படம் இடந்தரவில்லை. நிருபன் எண்ணெய் விளக்கை எறிந்து கொலையாளியைத் தீக்கிரையாக்குகின்றான். எரியும் உடல் சாளரத்தினூடே கடலை நோக்கி வீழ்கின்றது. அவ்வதிர்ச்சி ஆறுமுன்னரே படம் மீண்டும் வேடிக்கையிற் புகுந்து முடிகின்றது. பார்ப்போர் அஞ்சிவிடுவரே என்று படைப்போர் தாமே அஞ்சினர் போலும். தன் பொருளின்மேல் நம்பிக்கையில்லாத படைப்பு, பிறர் நம்பிக்கையைப் பெறுதல் அரிது.